தடுப்பூசியால் தோள்பட்டை போனதா? இழப்பீடு கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெறும் வலியா, காயமா?

ஊசி போட்ட கை இரண்டு மூன்று நாள் வலிப்பது சகஜம். அதற்கு வழக்கு நிற்காது. தோள் எலும்பு முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசை பருத்த இடத்தில் போட வேண்டிய ஊசியை மேலேற்றிக் குத்தினால், மூட்டையொட்டிய நீர்ப்பையில் மருந்து இறங்கி அழற்சி வரலாம். 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, வாரக்கணக்கில் தலை சீவக்கூடக் கை தூக்க முடியவில்லையென்றால் சந்தேகப்படுங்கள். அமெரிக்கா 2017-இல் இதைத் தன் இழப்பீட்டு அட்டவணையில் சேர்த்தது. அங்கே யாருடைய தவறென்று நிரூபிக்க வேண்டியதில்லை. இங்கோ, கொரோனா தடுப்பூசி மரண வழக்கில் 2022 நவம்பரில் மத்திய அரசு சொன்ன வழி சிவில் நீதிமன்றம்.

காகிதம் சேருங்கள்

புதுச்சேரிக்காரர்களுக்கு அரியூரிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மரும் தூரமில்லை. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வலி எந்த ஊசிக்குப் பின், எப்போது தொடங்கியது என்பது சீட்டில் ஏறட்டும். ஊசித் தழும்பு தெரியும்போதே போட்டோ எடுங்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 விதி. அரசு நிலையம் இழுத்தடித்தால் தகவல் உரிமை மனு போடுங்கள். 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பாதிப்பைப் பதியலாம். அதனால் பணம் வராது, பதிவு இருக்கும்.

காசு கொடுத்தீர்களா?

எந்தக் கதவைத் தட்டுவது என்பது இதில்தான் இருக்கிறது. தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டிருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டதென்றால் அந்தக் கதவு மூடியது. எல்லாருக்கும் இலவசமாகத் தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசுக்கு முன்னறிவிப்பு நோட்டீஸ் அனுப்பி, இரண்டு மாதம் காத்திருந்து சிவில் வழக்குத்தான் போட வேண்டும். 2021 டிசம்பரில் கொரோனா ஊசியைக் கட்டாயமாக்கிய புதுச்சேரியில் ஏழைகளுக்கு மட்டும் நீண்ட பாதை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எதை நிரூபிப்பது?

மருந்தைக் குறை சொல்லாதீர்கள், குத்திய இடத்தைச் சொல்லுங்கள். பக்கவிளைவு கவனக்குறைவாகிவிடாது, ஆனால் பயிற்சி பெற்ற யாரும் குத்தக் கூடாத இடத்தில் குத்தியது ஆகலாம். எம்.ஆர்.ஐ. படமும் இன்னொரு எலும்பு மருத்துவரின் எழுத்துபூர்வக் கருத்தும் கையில் இருக்கட்டும்.

வக்கீலுக்கு வழியில்லையா?

15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மருத்துவச் செலவோடு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலியையும் மனுவில் சேருங்கள். கூலி கொடுத்தவரிடம் அதை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.