புல்லா, பூச்சியா?

எங்கள் வயல் வரப்பில், பச்சைப் புல் ஒன்று திடீரென நடந்தது! ஒல்லியான பூச்சி, கண்கள் கொம்பு மாதிரி கூராக இருந்தன. குச்சிப்பூச்சியா? விஷமா?
– வாசகி, மணப்பாறை

பயப்படாதீர்கள், விஷமில்லை. அது கும்பிடுபூச்சி வகைதான். முன்னங்கால்களை உற்றுப் பாருங்கள்: மடக்கிவைத்த முள் அரிவாள் போலிருந்தால் கும்பிடுபூச்சி. குச்சிப்பூச்சிக்கு அப்படிப்பட்ட கால் கிடையாது. குச்சிப்பூச்சி இலை தின்னும் சைவம்.

நீங்கள் சொல்லும் கூர்க்கண், ‘ஸ்கைசோசெஃபாலா’ பேரினத்தின் அடையாளம். இந்தியா, இலங்கைப் புல்வெளிகளில் வாழ்கிறது. 1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் இந்தப் பூச்சியினத்துக்கு ‘இருகொம்பு’ என்று பொருள்படும் ‘பைகார்னிஸ்’ என்ற பெயரை வைத்தார். தாளோடு தாளாக ஒட்டி நின்று, பக்கத்தில் வரும் சின்னப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். வரப்பிலேயே விட்டுவிடுங்கள், கூலி கேட்காத காவல்காரர்!