பாலாடையும் சாரலும்

கைக்குழந்தையை ஆச்சியிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறீர்களா? பத்து நாளுக்கு முன்பே பாலைப் பீய்ச்சி, பாலாடையில் புகட்டிப் பழக்குங்கள். பீய்ச்சிய பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும். தென்காசி வெயிலில் அதையும் நம்ப வேண்டாம். ஃபிரிட்ஜில் 4 நாள் வரை வைக்கலாம், கதவுத் தட்டில் அல்ல, உள்ளே தள்ளி. அடுப்பில் காய்ச்சக் கூடாது (ஆச்சியின் கை அங்கேதான் போகும்!), வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரலில் துணி உலராது. குழந்தைத் துணி ஒரு டஜன் கூடுதலாக வேண்டும்.

அலுவலகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்: குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. 50 பேர் வேலை செய்யும் இடமென்றால் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும்.