இசைதலே இசை

நுழையும்முன்

‘இசை’ என்னும் சொல் பெயராக நிற்கும்போது செவிக்கு இனிய ஒலியைக் குறிக்கும். வினையடியாக நிற்கும்போது உடன்படுதலைக் குறிக்கும். பல கருவிகள் கூடி ஒலிக்கும் அரங்கில் இவ்விரு பொருளும் ஒன்றாகின்றன. அங்கு யார் யாருக்கு இசைகிறார் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பொது அளவு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய ஊர்களை இணைக்கும் தொழில்வழியில் மகிழுந்துகளும் சரக்குந்துகளும் உருவாகின்றன. ஒரு வண்டியின் உறுப்புகள் பல ஊர்களிலும் பல நாடுகளிலும் செய்யப்பட்டு இங்கு வந்து சேர்கின்றன. ஒருவரையொருவர் கண்டிராத இருவர் செய்த திருகாணியும் மரையும் பிசகின்றிப் பொருந்துகின்றன. அவற்றின் அளவு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம்.

திருகாணிகளுக்கு அளவு வகுத்த பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பாகிய ஐ.எஸ்.ஓ., இசைக்கும் ஓர் அளவு வகுத்துள்ளது. 1975இல் வெளியான அதன் 16ஆம் எண் தரவரையறையின்படி, மேலை இசையில் சுருதி சேர்க்கப் பயன்படும் ‘ஏ’ என்னும் சுரம் நொடிக்கு 440 அதிர்வுகள் கொண்டது. ஒரு கருவி 440 அதிர்விலும் மற்றொன்று 442 அதிர்விலும் ஒலித்தால், நொடிக்கு இரண்டு விம்மல்கள் எழும். இயற்பியல் பாடத்தில் கணக்கிடும் அவ்விம்மலை இசைவாணர் செவியால் உணர்ந்து நீக்குகின்றனர்.

சிற்றிசைக்குழு

மேலைநாட்டு மாளிகைக் கூடங்களில் வளர்ந்த மரபைச் சேர்ந்தது சிற்றிசைக்குழு. ஏறத்தாழ 15 முதல் 40 பேர் வரை இதில் இடம்பெறுவர். வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகிய வில்லிசைக் கருவிகளே இதன் அடிப்படை. நடத்துநர் இல்லாமலேயே இசைக்கும் குழுக்களும் உண்டு. அங்கு முதல் வயலின் கலைஞரின் மூச்சும் வில்லின் அசைவுமே தொடக்கத்தைக் காட்டும். பிறர் கண்ணால் அவரையும் செவியால் ஒருவரையொருவரும் பின்தொடர்வர்.

இத்தகைய குழுவுடன் பியானோ கலைஞர் ஒருவர் விருந்தினராக வந்து இசைப்பதுண்டு. அப்போதுதான் சுருதி சேர்ப்பதில் ஒரு சிக்கல் எழுகிறது.

வளையாத விருந்து

இத்தாலியின் பிளாரன்சு நகரில் 1700ஆம் ஆண்டையொட்டி பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி பியானோவை உருவாக்கினார். இன்றைய பியானோவில் 88 கட்டைகளும் ஏறத்தாழ 230 எஃகுக் கம்பிகளும் உள்ளன. அக்கம்பிகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 20 டன். வார்ப்பிரும்புச் சட்டம் அதனைத் தாங்குகிறது. ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே முறுக்கிச் சுருதி சேர்க்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். காற்றில் ஈரம் மிகுந்தால் ஒலிப்பலகை உப்பிச் சுருதி மாறும். சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் இதற்குத் தனிக் கவனம் தேவை.

மேடையில், அவையோர் முன்னிலையில், பியானோவின் சுருதியை மாற்ற இயலாது. வயலின் கலைஞரோ முறுக்காணியைச் சற்றே திருப்பிச் சில நொடிகளில் தம் சுருதியை மாற்றிக்கொள்வார். ஆகவே, வழக்கமாக ஓபோ என்னும் துளைக்கருவியின் சுரத்துக்குச் சுருதி சேர்க்கும் குழு, பியானோ உள்ள நாளில் பியானோவின் சுரத்துக்கே சேர்க்கிறது. பியானோ 441இல் நின்றால் அனைவரும் 441க்கே வருவர். ஏட்டில் உள்ள 440 அன்று விலகி நிற்கும்.

விருந்தினரும் இசைந்தே ஆக வேண்டும். வயலின் கலைஞர் தம் கருவியைக் கையோடு கொண்டுவருவார். பியானோ கலைஞரோ பெரும்பாலும் அரங்கில் உள்ள, தமக்குப் பழக்கமில்லாத பியானோவை இசைக்க வேண்டும். அதன் கட்டைகளின் கனத்தையும் ஒலியின் தன்மையையும் ஒத்திகையின்போதே அவர் அறிந்துகொள்கிறார். சிறு குழுவின் ஒலியை மூழ்கடிக்காதவாறு தம் விரல்களின் விசையையும் அடக்குகிறார். மொசார்ட் 1782–83ஆம் ஆண்டுகளில் இயற்றிய மூன்று பியானோ கச்சேரிப் படைப்புகள், நான்கு வில்லிசைக் கருவிகளுடன் மட்டுமே இசைப்பதற்கும் ஏற்றவாறு அமைந்தவை.

நம் மரபில்

இவ்வொழுங்கு தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் பின்னே முழவும் நின்றதாக இளங்கோவடிகள் முறைப்படுத்துகிறார். குழலின் துளைகள் நிலையானவை. யாழின் நரம்புகளை முறுக்கவும் தளர்த்தவும் இயலும். வளைய இயலாததைப் பின்பற்றி, வளைய இயன்றது நிற்கிறது. இன்றைய கச்சேரியிலும் பாடகரின் குரலே அளவு. மிருதங்கக் கலைஞர் விளிம்பைக் கல்லால் தட்டித் தம் கருவியை அக்குரலுக்குச் சேர்க்கிறார்.

விருந்தாக வந்த மேலைக் கருவி நம் வீட்டுக் கருவியானதும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859), தம் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பிய முறையில் வயலின் கற்றார். விரல் வழுக்கிச் செல்ல இடந்தரும் அக்கருவியில் கமகங்கள் இயல்பாக ஒலித்தன. அதனால் கருநாடக இசையில் அது நிலைபெற்றது. ஒரு கட்டைக்கு ஒரு சுரம் என நிற்கும் பியானோவில் அந்நெகிழ்வு இல்லை. எனவே, கருநாடக இசைமேடையில் அது பெரும்பாலும் விருந்தாகவே உள்ளது.

பொருள்கள் பொருந்தப் பொது அளவு போதும். மனிதர் கூடிச் செயல்படும் இடத்தில் அதனோடு செவியும் வேண்டும். தொழில்வழியின் ஆலைகளுக்கு வேற்று மாவட்டத்தாரும் வேற்று மொழியினரும் நாள்தோறும் புதியவர்களாய் வருகின்றனர். ஊரும் மொழியும் அறியாத நிலையில் முதல் நாளிலேயே தம்மை மாற்றிக்கொள்ள அவர்களால் இயலாது. அங்கு முதலில் சுருதி சேர்க்க வேண்டியவர் எவர் என்பதைச் சிற்றிசைக்குழு காட்டுகிறது.

கற்பவை கற்றபின்

1. ‘இசை’ என்னும் சொல்லைப் பெயராகவும் வினையாகவும் அமைத்து இரண்டிரண்டு தொடர்கள் எழுதுக.

2. அரங்கேற்று காதையின் கருவி ஒழுங்கையும் சிற்றிசைக்குழு சுருதி சேர்க்கும் முறையையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.

3. உம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவருக்காக வகுப்பினர் மாற்றிக்கொள்ளக்கூடிய நடைமுறைகள் குறித்துக் கலந்துரையாடுக.