கணினியில் பாட்டுப் பதிவு: ஒரு முதற்பாடம்

பாட்டுக்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று சொல், மற்றது மெட்டு. சொல்லைக் காகிதத்தில் எழுதி வைத்துவிடலாம். மெட்டை எழுத சுரம் அறிந்தவர் வேண்டும். அவராலும் ஒரு முதியவளின் குரலில் வரும் குழைவையும் இழுப்பையும் எழுத்தில் அடக்க இயலாது.

மலையகத்தில் இதற்கு நல்ல சான்று உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினார். அவை 1983 இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக வெளிவந்தன. அவர் செய்த தொண்டினால் சொற்கள் பிழைத்தன. ஆனால் அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டைப் பாட விரும்பும் இளைஞர், மெட்டறிந்த ஒருவரைத் தேடித்தான் போக வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.

வாசகர்களே, நாவலப்பிட்டியிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் காமன் கூத்துப் பாட்டும் அறிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருக்கக்கூடும். அவர்களின் குரலைப் பதிவு செய்ய கொழும்புக் கலையகத்துக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுக் கணினி போதும். அதைத் தொடங்கும் முறையை இங்கே காண்போம்.

வேண்டிய பொருட்கள்

ஒரு கணினி, ஒரு ஒலிவாங்கி, ஒரு ஹெட்போன். இம்மூன்றும் போதும். கணினியில் நேரே செருகக்கூடிய யூ.எஸ்.பி. ஒலிவாங்கி தொடக்கத்துக்கு ஏற்றது. அது கிடைக்காவிட்டால் கைத்தொலைபேசியில் பதிந்து கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். மென்பொருளுக்குப் பணம் செலவிட வேண்டாம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருவர் உருவாக்கி 2000 இல் வெளியிட்ட ‘ஒடாசிட்டி’ இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கணினியிலும் பெரும்பாலும் ஓடும்.

அறையும் மழையும்

நல்ல பதிவுக்கு விலையுயர்ந்த கருவியைவிட அமைதியான அறையே முக்கியம். லயத்துத் தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்தக் கருவியாலும் அந்த ஓசையைப் பிரித்தெடுக்க முடியாது. மே முதல் செப்டெம்பர் வரை நமது பகுதியில் மழை ஓயாது. ஆகவே சனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட நாட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். புகையிரதம் வரும் வேளையையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

வெறுஞ்சுவர் எதிரொலிக்கும். இரண்டு கம்பளிகளைச் சுவரில் தொங்கவிட்டு, துணி நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்தால் எதிரொலி பெரிதும் அடங்கும். கணினியின் விசிறி இரையுமாகையால் அதை ஒலிவாங்கியிலிருந்து எட்ட வையுங்கள்.

இரண்டு எண்கள்

மென்பொருள் இரண்டு எண்களைக் கேட்கும். முதலாவது, ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்பது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும். அதை முழுமையாகப் பிடிக்க இருமடங்குக்கு மேல் அளக்க வேண்டும். ஆகவேதான் 1982 இல் விற்பனைக்கு வந்த இசைத்தட்டுக்கு 44,100 என்ற எண் அமைந்தது. அதையே தெரிந்தெடுங்கள்.

இரண்டாவது, ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிப்பது என்பது. 16 பிட் என்றால் 65,536 படிகள். 24 பிட் என்றால் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள். முதியவரின் மெல்லிய குரலுக்கு 24 பிட் நல்லது. ஒற்றைத் தடத்தில் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 மெகாபைட் இடம் பிடிக்கும்.

பதிவு செய்யும் முறை

பாடுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்று ஒரு பக்கமாக ஒலிவாங்கியை வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ எழுத்து வரும்போதெல்லாம் மூச்சு மோதி வெடிக்கும்.

பாட்டின் உரத்த பகுதியை ஒருமுறை பாடச் சொல்லி அளவுமானியைக் கவனியுங்கள். அதன் உச்சி பூச்சியம். அதற்குக் கீழே எல்லாம் கழித்தல் எண்கள். குரல் கழித்தல் 12 க்கும் கழித்தல் 6 க்கும் இடையில் நிற்கட்டும். பூச்சியத்தைத் தொட்டால் ஒலியலையின் தலை வெட்டுண்டு போகும். வெட்டுண்டதைப் பின்னர் சீர்செய்வது அரிது.

சிவப்புப் பொத்தானை அழுத்தியபின் ஐந்து நொடி மௌனமாக இருங்கள். அந்த மௌனத்தில் அறையின் இரைச்சல் பதியும். பின்னர் இரைச்சல் குறைக்கும் வசதிக்கு அதை மாதிரியாகக் காட்டலாம். அவ்வசதியை அளவோடு பயன்படுத்துங்கள். மிஞ்சினால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலாகிவிடும்.

மௌனத்துக்குப் பின், பாடுபவர் தம் பெயர், ஊர், அன்றைய திகதி, இப்பாட்டை யாரிடம் கற்றார், எவ்வேளையில் பாடுவர் என்பவற்றைச் சொல்லட்டும். இதைச் சொல்லாவிட்டால், இருபது ஆண்டு கழித்துக் கேட்பவருக்கு யார் பாடினார் என்பதே தெரியாது போகும்.

முதற்பாட்டை ஹெட்போனில் கேட்டபடி இரண்டாம் குரலையோ ஆர்மோனியத்தையோ வேறொரு தடத்தில் சேர்க்கலாம். பாடகர் குழுவினருக்கு இது பெரிதும் பயன்படும். ஆனால் முதியவரின் பாட்டை முதலில் தனியே, உள்ளபடியே பதிந்துகொள்ளுங்கள். தாளம் தவறினாலும் திருத்த வேண்டாம். அலங்காரம் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். மூலக்குரல் போனால் போனதுதான்.

சேமித்தலும் இசைவும்

மூலப்பதிவை ‘வேவ்’ வடிவில் சேமியுங்கள். ‘எம்.பி.3’ வடிவம் இடத்தை மிச்சப்படுத்த ஒலியின் ஒரு பகுதியை நீக்கிவிடும். அது பிறருக்கு அனுப்ப மட்டும் உதவும். மூன்று பிரதிகள் வேண்டும்: கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒன்று.

பாடுபவரின் இசைவு கட்டாயம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடுவோருக்கும் தம் பாட்டின்மீது உரிமை தருகிறது. சட்டம் ஒருபுறமிருக்க, ஒப்பாரி போன்றவை ஒருவரின் துயரத்தில் பிறந்தவை. கேளாமல் பதிவதும், கேளாமல் ஊருக்குப் பரப்புவதும் முறையன்று.

பயிற்சி

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. உங்களுக்குத் தெரிந்தவர்களில் வயதில் மூத்த, பாட்டு அறிந்த ஒருவரைத் தேடுங்கள். தாத்தாவோ அப்பாயியோ அயல்வீட்டுப் பெரியம்மாவோ, எவராயினும் சரி. முதல் நாள் கருவி எதுவும் கொண்டு போகாமல், அருகிலமர்ந்து ஒரு பாட்டைக் கேளுங்கள். அவர் மனம் இசைந்தால் மறுமுறை ஒலிவாங்கியுடன் செல்லுங்கள். நல்ல கருவி வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். கருவி அடுத்த ஆண்டும் கடையில் இருக்கும்.