கேலக்ஸிக்குள்ள ஒரு ஜெனரேட்டர்

ஓசூர் சிப்காட் பக்கம், மாசக்கணக்கா ஓடாம கிடந்த ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணா சில சமயம் இன்ஜின் ஓடும், வோல்டேஜ் மட்டும் வராது. மெஷின்ஸ் லேப்ல படிச்சதுதான். கோர்ல மிச்சமிருக்கிற கொஞ்சூண்டு காந்தம் முதல் கரன்ட்டைத் தரணும். அந்தக் கரன்ட் காந்தத்தை வளர்க்கும். வளர்ந்த காந்தம் இன்னும் கரன்ட் தரும். மிச்சக் காந்தம் போயிட்டா, ஃபீல்டு வைண்டிங்ல பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுக்கணும்.

நம்ம பால்வீதியோட காந்தப்புலமும் இப்படித்தான் வளர்ந்ததுன்னு நினைக்கிறாங்க. இப்போ அது சில மைக்ரோ காஸ்தான், பூமியோடதைவிட ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு குறைவு. ஆனா பல்லாயிரம் ஒளியாண்டு தூரத்துக்குப் பரவியிருக்கு. முதல் பொறிக்கு 1950-ல் லுட்விக் பியர்மான் சொன்ன வழிக்குப் பேரே ‘பியர்மான் பேட்டரி’!

இங்கே வயர் கிடையாது. மின்னூட்டம் உள்ள வாயுவே வயர். கேலக்ஸியோட உள்பகுதி வெளிப்பகுதியைவிட சீக்கிரமா ஒரு சுற்று முடிக்கிறதால புலம் இழுபடுது. சூப்பர்நோவா வெடிப்புகள் வாயுவை மேலே தள்ள, சுழற்சி அதை முறுக்கி புதுப் புல வளையங்களை உண்டாக்குது.

சிக்கல் அந்த முறுக்குலதான். ஒரு துணி நாடாவோட ரெண்டு முனையையும் திருகாம பிடிச்சுக்கிட்டு, நடுவுல சுருள் விழ வையுங்க. பெரிய சுருள் ஒரு பக்கம் விழுந்தா, நாடா தனக்குள்ள எதிர்ப்பக்கமா முறுக்கிக்கும். காந்தப்புலமும் அதேதான் செய்யும். அந்தக் குட்டி எதிர்முறுக்குகள் சேர்ந்து சேர்ந்து வாயுவைத் தடுக்கும். புலம் வளர்றதுக்கு முன்னாடியே டைனமோ நின்னுடும். ஆனா வானத்துல புலம் வளர்ந்துதானே இருக்கு?

புனேயில் இருக்கிற ஐயூகா மையத்தைச் சேர்ந்த கந்தசாமி சுப்பிரமணியன், ஷுகுரோவ், சோகொலோவ், பிராண்டன்பர்க் நாலு பேரும் 2006-ல் ஒரு விடை சொன்னாங்க: காற்று. வெடிப்புகளால சூடான வாயு கேலக்ஸித் தட்டைவிட்டு மேலே போகும்போது அந்தக் குட்டி முறுக்குகளையும் அள்ளிட்டுப் போயிடுது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். நாம எந்த மெஷின்லயும் லீக்கேஜை நஷ்டம்னுதான் கணக்கு எழுதுவோம். இங்கே லீக் இல்லன்னா மெஷினே ஓடாது.

அளவு முக்கியம். காற்று ரொம்ப வேகமா அடிச்சா பெரிய புலத்தையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிடும். 1.2 கோடி ஒளியாண்டு தூரத்துல இருக்கிற எம்82 கேலக்ஸியில் நட்சத்திரங்கள் வெறித்தனமா பிறக்குது, காற்றும் பலமா வீசுது. போயிங் 747 விமானத்துல பொருத்தின சோஃபியா தொலைநோக்கி அதைப் பார்த்தது. 2019-ல் வெளியான முடிவுப்படி, அங்கே மையத்துல காந்தக்கோடுகள் தட்டோட படுக்காம, காற்று போற திசையிலேயே வெளியே நீண்டிருக்கு.