கியூபா போறீங்களா? மெனு கார்டை மூடி வையுங்க!

டிக்கெட் போட்டாச்சு, ஹவானாவில் எந்தக் கடையில் என்ன சாப்பிடணும்னு லிஸ்ட்டும் எழுதியாச்சு, அப்படித்தானே? அந்த லிஸ்ட்டைக் கொஞ்சம் ஓரமா வையுங்க. அங்கே மெனு கார்டில் இருபது ஐட்டம் இருக்கும். கேட்டால் நாலுதான் வரும். 1962-லிருந்து ரேஷன் புத்தகம் ஓடுற நாடு, இப்போ கரன்ட் கட்டும் சேர்ந்திருக்கு. சர்வர்மேல எரிஞ்சு விழுந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. உட்கார்ந்ததும் "கே ஐ ஓய்?"னு கேளுங்க. இன்னிக்கு என்ன இருக்குன்னு அர்த்தம். எது இருக்கோ அதுதான் அன்னிக்குப் புதுசு.

1. தங்குற வீட்டிலேயே ஒரு வேளையாவது சாப்பிடுங்க. வீட்டில் அறை வாடகைக்கு விடுறதை அங்கே 'காசா பர்த்திகுலார்'னு சொல்வாங்க. ராத்திரி சாப்பாட்டைக் காலையிலேயே சொல்லிடணும். அப்போதான் வீட்டம்மா அலைஞ்சு தேடி வாங்க முடியும். எட்டு மணிக்கு வந்து நின்னா ஆம்லெட்தான், அதுவும் முட்டை இருந்தால்.

2. வெளியே சாப்பிட 'பாலதார்' தேடுங்க. தனியார் நடத்துற சாப்பாட்டுக் கடை. 1990-களில் அனுமதி கொடுத்தப்போ 12 நாற்காலிக்கு மேல போடக்கூடாதுன்னு கட்டுப்பாடு. இப்போ பெரிசாவே இருக்கு. ஹவானாவில் 'லா குவாரிதா' பேர்போனது, 'ஃப்ரேசா இ சாக்கலாத்தே' படம் எடுத்த வீடு. புக் பண்ணாமல் அத்தனை படி ஏறிப் போய், இடமில்லைன்னு மூச்சு வாங்கிட்டு இறங்காதீங்க.

3. 'ரோப்பா வியேஹா'. இறைச்சியை நார்நாரா பிய்ச்சு, தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், பூண்டு போட்டு வேகவைக்கிறது. எல்லாரும் இதைத்தான் முதலில் சொல்வாங்க. மாட்டிறைச்சியில் செய்யற பதார்த்தம்தான், ஆனால் அங்கே மாட்டிறைச்சிக்குப் பெரிய தட்டுப்பாடு. விவசாயி தன் மாட்டைத் தானே அறுத்து விற்க 2021-ல்தான் வழி விட்டாங்க. அதனால் பல இடத்தில் ஆட்டிறைச்சியில் செய்வாங்க, அதுவும் நல்லாவே இருக்கும். மாடு சாப்பிடாதவங்க "ரெஸ்?"னு கேட்டுக்குங்க, அது மாடு. 'கார்னேரோ'ன்னா செம்மறி ஆடு, 'போயோ'ன்னா கோழி, 'புவேர்க்கோ'ன்னா பன்றி. இந்த நாலையும் கைப்பேசியில் எழுதி வெச்சுக்குங்க, தட்டு வந்த பிறகு முழிக்க வேண்டாம்.

4. பன்றி சாப்பிடறவங்களுக்கு 'லெச்சோன்' கண்டிப்பா. நாரத்தை மாதிரிப் புளிக்கிற ஆரஞ்சுச் சாறு, பூண்டு, சீரகத்தில் ஊறவெச்சு, முழுசா நெருப்பில் வாட்டுவாங்க. தோல் மொறுமொறுன்னு இருக்கிற துண்டா கேட்டு வாங்குங்க. கேட்காட்டி தர மாட்டாங்க. நேரமில்லையா, அதையே பன்னுக்குள் வெச்சுத் தர்ற 'பான் கோன் லெச்சோன்' தெருவிலேயே கிடைக்கும்.

5. சைவமா? பயறு சாதம் இருக்கேன்னு கண்ணை மூடிட்டு வாங்காதீங்க. கறுப்பு பீன்ஸும் அரிசியும் சேர்த்து வேகவைக்கிற 'மோரோஸ் இ கிறிஸ்தியானோஸ்' எங்கேயும் கிடைக்கும். கிழக்கே சிவப்பு பீன்ஸில் செய்தால் 'கொங்ரி'. பார்க்க சைவம்தான், அடியில் பன்றிக் கொழுப்பு இருக்கும். "சின் கார்னே, சின் மந்தேக்கா"ன்னு ரெண்டையும் சொல்லணும், இறைச்சி வேண்டாம், கொழுப்பு வேண்டாம்னு. கூடவே "சின் ஹமோன்" சேர்த்துக்குங்க. ஹாமை அங்கே பல பேர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்கிறதில்லை.

6. மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் "நம்ம ஊர்ல இல்லாததா?"ன்னு ஒதுக்காதீங்க. நான் சொல்றேன், கியூபாவில் அதிகம் ஏமாத்தாத சாப்பாடு இதுதான். வெந்த மரவள்ளிமேல தட்டின பூண்டு, அதுமேல சூடான எண்ணெய், சுர்ருன்னு சத்தம் வந்ததும் புளிப்பு ஆரஞ்சுச் சாறு. 'மோஹோ'ன்னு பேர். ஆறினால் மரவள்ளி கெட்டியாயிடும், போட்டோ எடுத்துட்டு உட்காராமல் உடனே சாப்பிடுங்க. வாழைக்காயைத் தடிமனா நறுக்கி, பாதி பொரிச்சு எடுத்து, நசுக்கித் தட்டையாக்கி, மறுபடி எண்ணெயில் போட்டால் 'தோஸ்தோனேஸ்'. உப்பு தூவித் தருவாங்க. காரம் எதிர்பார்க்காதீங்க, கியூபாக்காரங்களுக்குப் பூண்டு உண்டு, மிளகாய் கிடையாது. பருப்புப்பொடி, மிளகாய்ப்பொடின்னு சின்னப் பாக்கெட் ஒண்ணு பையில் இருக்கட்டும்.

7. நாள் இருக்கிறவங்க பராக்கோவாவுக்குப் போங்க. கிழக்குக் கோடி, 1511-ல் ஸ்பெயின்காரங்க அமைச்ச முதல் ஊர். தீவில் தேங்காயை இவ்வளவு தாராளமா சமையலில் போடறது இங்கேதான். தேங்காய்ப்பாலில் வேகவெச்ச மீன் கேளுங்க. பனையோலைக் கூம்பில் தேங்காய்த்துருவல், தேன், பழம் கலந்து அடைச்ச 'குக்குருச்சோ' மலைப்பாதை ஓரமா விற்பாங்க. பயங்கர இனிப்பு, ரெண்டு பேருக்கு ஒண்ணு போதும். கொக்கோ விளையற ஊர், கெட்டியான 'சொரோத்தே' ஒரு கப் குடிச்சுப் பாருங்க. ஆனால் ஹவானாவிலிருந்து ஒரே மூச்சில் எட்டிப் பார்த்துட்டு வரலாம்னு கிளம்பிடாதீங்க. தீவையே குறுக்கே கடக்கணும், முதுகு போயிடும்.

8. கியூபன் சாண்ட்விச்சை ஹவானாவில் தேடி அலையாதீங்க. அது பேர் வாங்கினது ஃப்ளோரிடாவில், டாம்பாவுக்கும் மயாமிக்கும் போன கியூபாக்காரங்க கையால.

9. ஐஸ்கிரீம்னா ஹவானாவின் வெதாதோ பகுதியில் 'கொப்பேலியா', 1966-ல் திறந்தது. நாலைஞ்சு சுவை யோசிச்சுட்டுப் போகாதீங்க, அன்னிக்கு ஒண்ணோ ரெண்டோதான். அஞ்சு உருண்டை வர்ற 'என்சலாதா'வைத்தான் எல்லாரும் வாங்குவாங்க. வரிசை இருக்கும், வெயிலுக்குத் தொப்பி எடுத்துக்குங்க.

10. கரும்புச்சாறு, அங்கே 'குவாராப்போ', கண் முன்னாடி பிழிஞ்சால் மட்டும். "சின் ஈயேலோ", ஐஸ் வேண்டாம். குழாய்த் தண்ணி பல் தேய்க்கக்கூட வேண்டாம். கரன்ட் போய்ப் போய் வர்ற நாளில் மயோனைஸ் போட்ட சாலட் பக்கமே போகாதீங்க. ஃப்ரிட்ஜ் எத்தனை மணி நேரம் அணைஞ்சிருந்ததுன்னு யாருக்குத் தெரியும்? அடுப்பிலிருந்து நேரா தட்டுக்கு வர்றதைச் சாப்பிடுங்க.

11. பணம். அமெரிக்க பேங்க் கார்டு அங்கே வேலை செய்யாது. சின்ன நோட்டா யூரோ கொண்டு போங்க, ஐம்பதை நீட்டினால் சில்லறைக்கு அலைவாங்க. தெருவில் "மாத்தித் தரேன்"னு பின்னாடி வர்றவங்களை விட்டுத் தள்ளுங்க. ஓஆர்எஸ் பொடியும் வயிற்றுக்கான மாத்திரையும் இங்கிருந்தே வாங்கிட்டுப் போகணும், அங்கே மருந்துக்கடையில் கிடைக்கும்னு நம்பாதீங்க. மிச்சமானதைத் திரும்பக் கொண்டு வராமல் வீட்டம்மாகிட்ட வேணுமான்னு கேட்டுக் கொடுத்துட்டு வாங்க.