வாழை நோயறிதலில் தேடுபொறியும் உரையாடு கருவியும்

கீழ்ப்பழனி மலைகளில் நெடுங்காலமாகப் பயிராகி வரும் விருப்பாட்சி வாழைக்கு முடிக்கொத்து நோயே பெரும் பகை. கன்னிவாடிக்கு மேலுள்ள ஆடலூர், பன்றிமலைப் பக்கத்துக் குடியானவர்கள் இந்நோயைக் குறித்துக் கைபேசியில் விசாரிக்க இக்காலத்தில் இரு வழிகள் உள. ஒன்று, 1998-இல் தோன்றிய கூகுள் போன்ற தேடுபொறி. மற்றொன்று, 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்ற உரையாடு கருவி.

தேடுபொறி தன் இயல்பில் விடை கூறுவதன்று. விடை இருக்கும் பக்கங்களைக் காட்டுவது. அப்பக்கம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினுடையதா, மருந்து விற்போருடையதா என்பதைப் படிப்பவர் கண்டுகொள்ளலாம். ஆனால் நோயின் பெயர் தெரியாதவருக்கு அதனால் பயன் குறைவு. "குருத்திலை குறுகி, நிமிர்ந்து, நுனியில் கொத்தாக நிற்கிறது, காம்பில் கரும்பச்சைக் கோடுகள் விட்டு விட்டுக் காண்கின்றன" என்று பேச்சுத் தமிழிலேயே கூறினும் பொருள் கொண்டு பெயரை ஊகிக்க வல்லது உரையாடு கருவி. இது சிறிய உதவியன்று.

எனினும் அடுத்த கேள்வியில்தான் ஆபத்து உளது. "என்ன மருந்து அடிப்பது?" என்று கேட்டால், அக்கருவி சொற்களின் தொடர்ச்சியை அனுமானித்து விடை புனைவதாகையால், இல்லாத மருந்தையும் தயக்கமின்றிக் கூறக்கூடும். உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில் தடைசெய்த எண்டோசல்பானைப் பரிந்துரைக்கும் பழைய எழுத்துக்கள் இன்னும் அழியவில்லை. தேடுபொறி வழியே அவற்றை அடைபவர் தேதியையாவது பார்க்க இடமுண்டு. உரையாடு கருவியின் விடையில் பெரும்பாலும் தேதி மறைந்துவிடும். தேடுபொறியின் உச்சியில் இப்பொழுது தோன்றும் இயந்திரச் சுருக்கமும் இவ்வினத்தைச் சார்ந்ததே.

உண்மையில் முடிக்கொத்து நோய் வைரஸால் உண்டாவது. வாழை அசுவினியால் பரவுவது. நோய் கண்ட குத்தைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. முதலில் அதிலுள்ள அசுவினியைக் கொன்று, பின்பு கிழங்கோடும் பக்கக் கன்றுகளோடும் தோண்டி அழித்தல் வேண்டும். மருந்தை நம்பிக் காத்திருப்பவருக்குப் பணமும் போகும், பக்கத்து மரங்களும் போகும்.

ஆகையால் பெயரை உரையாடு கருவியிடம் கேட்டறிந்து, அப்பெயரைத் தேடுபொறியில் இட்டு, வெளியிட்டவர் யார், எந்த ஆண்டு என்பதைப் பார்த்தபின் காசைச் செலவிடுவது உத்தமம். ஐயம் தீராதவர்கள் 2004 முதல் நடைபெற்று வரும் உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே விசாரிக்கலாம். அல்லது நோய் கண்ட தோட்டத்தை வட்டாரத் தோட்டக்கலை அலுவலருக்கு நேரில் காட்டலாம்.